ஏஞ்சல் மீனுக்கு ஏற்ற தோழர்கள்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை விலங்கியல்)

மாலை வேளையில் கடைத்தெருவில் நடந்து செல்பவர்களைச் சற்று நிற்க வைக்கும் கடைகள் இரண்டு. ஒன்று மிட்டாய்க் கடை. மற்றொன்று வண்ணமீன் கடை. முன்னது நாவை இழுக்கிறது. பின்னது கண்ணை இழுக்கிறது. வண்ணமீன் கடையிலும் மற்ற மீன்களை எல்லாம் முந்திக்கொண்டு நம் கண்ணில் வந்து நிற்பது ஏஞ்சல் மீன். தட்டையான உடல், மேலும் கீழும் பாய்மரம் போல் விரிந்த துடுப்புகள், அடியில் இரண்டு நூல்களாகத் தொங்கும் துடுப்புகள், வெள்ளி உடலில் மேலிருந்து கீழாக இறங்கும் கரும்பட்டைகள். இவற்றோடு அவசரம் சிறிதுமின்றி அது நகர்ந்து வருவதைப் பார்ப்பவர்கள், அதற்குத் தேவதை என்று பெயரிட்டவர்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அந்த அழகில் மயங்கி இரண்டு ஏஞ்சல்களை வாங்குகிறோம். தொட்டி வெறிச்சோடி இருக்கக் கூடாதே என்று, கண்ணுக்குப் பிடித்த வேறு மீன்களையும் பத்து பன்னிரண்டு வாங்கி அதே தொட்டியில் விடுகிறோம். எந்த மீனோடு எந்த மீன் வாழும் என்னும் கேள்வியை வாங்குபவரில் பலர் கேட்பதில்லை. விற்பவரில் பலர் சொல்வதில்லை. என் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. “நாட்டில் எத்தனையோ பிரச்சினைகள் இருக்க, ஆண்டு மலரில் எழுதுவதற்கு இதுதான் கிடைத்ததா?” என்று நண்பர்கள் நகைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படி நகைத்தவன்தான். பன்னிரண்டு நியான் மீன்களைப் பலிகொடுத்த பிறகே இந்தப் பாடத்தைக் கற்றேன். அதனை நீங்கள் எவ்விதப் பலியுமின்றிக் கற்க வேண்டும் என்பதே என் நோக்கம்.

நான் செய்த பிழை

முதலாம் ஆண்டில் கல்வி உதவித்தொகையில் மிச்சம் பிடித்து ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினேன். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். சரளைக் கற்கள், காற்று மோட்டார், சிறிய வடிகட்டி எல்லாம் வாங்கிய பிறகு மீன்களுக்காக மீதமிருந்த பணத்தில் இரண்டு ஏஞ்சல்களையும் பன்னிரண்டு நியான் டெட்ராக்களையும் தேர்ந்தெடுத்தேன். ஏஞ்சல்களின் உடல் அப்போது ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவுதான். நியான்களோ நீலமும் சிவப்புமாக மின்னும் சிறு குச்சிகள். “ரெண்டையும் ஒண்ணா விடலாமாண்ணே?” என்று கேட்டேன். “எல்லாம் ஒண்ணாத்தான் வளரும் தம்பி, ஒண்ணும் பண்ணாது” என்றார் கடைக்காரர். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அன்றைய நிலையில் அது உண்மைதான். ஐந்து மாதம் கழித்து அது உண்மையாக இருக்குமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான்கு மாதங்கள் இனிதே கழிந்தன. பள்ளிக்குப் புறப்படும் முன் நியான்களை எண்ணிப் பார்ப்பது என் தங்கையின் வழக்கம். ஒரு நாள் காலையில், “அண்ணா, பதினொண்ணுதான் இருக்கு” என்றாள். கற்களுக்கிடையில் தேடினோம், தரையில் துள்ளி விழுந்திருக்குமோ என்று பார்த்தோம், அடுத்த வீட்டுப் பூனையின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டேன். இரண்டு நாட்களில் பத்து; அதற்கு அடுத்த வாரத்தில் எட்டு. பருவத் தேர்வுக்குப் படிப்பதற்காக ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து விளக்கைப் போட்டேன். பெரிய ஏஞ்சலின் வாயிலிருந்து ஒரு நியானின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

“பாவி மீன்!” என்று நான் கத்தினேன். தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்த தங்கை தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “நீதானே அண்ணா ரெண்டையும் ஒண்ணா விட்டே?” என்று கேட்டாள். அதன் பிறகு பல நாட்கள் அவள் தொட்டிப் பக்கமே வரவில்லை. மீதமிருந்த நியான்களைக் காப்பாற்ற வேறு தொட்டி வாங்க என்னிடம் பணமில்லை. ஒரு வாளியில் பிரித்து வைத்தேன்; காற்றும் வடிகட்டியும் இல்லாத அந்த வாளியில் அவையும் ஒவ்வொன்றாக இறந்தன.

அத்தோடு புத்தி வந்ததா என்றால், இல்லை. “வேகமான மீனாக இருந்தால் ஏஞ்சலிடம் சிக்காது” என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, அடுத்த மாதம் ஆறு டைகர் பார்ப் மீன்களை வாங்கி விட்டேன். இந்த முறை அடிபட்டவை ஏஞ்சல்கள். நூல் போன்ற துடுப்புகள் ஒரே வாரத்தில் பாதியாயின. பாய்மரம் போன்ற துடுப்புகள் கிழிந்த துணியாயின. என் தேவதைகள் தொட்டியின் மூலையில் ஒண்டிக்கொண்டு உணவுக்குக்கூட வெளியே வரவில்லை. முதலில் கொன்றவர்கள் இப்போது கொல்லப்படுபவர்களாக நின்றார்கள்.

குற்றம் யாருடையது?

எங்கள் துறைப் பேராசிரியரிடம் இதனைச் சொல்லிப் புலம்பினேன். அவர் சிரிக்கவில்லை. “மீன் வாங்கும்போது நிறத்தைப் பாத்தே. வாயைப் பாத்தியா?” என்று கேட்டார். “இல்லை சார்” என்றேன். “ஆத்துல சின்ன மீனுக்கு ஓட இடம் இருக்கு, ஒளிய வேர் இருக்கு. உன் தொட்டியில அது எங்கப்பா ஓடும்?” என்றார். தங்கை கேட்டதையும் பேராசிரியர் கேட்டதையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் என் கண் திறந்தது.

ஏஞ்சல் மீனை விலங்கியலார் டெரோபில்லம் ஸ்கேலரே என்று அழைப்பர். டெரோபில்லம் என்னும் கிரேக்கச் சொற்சேர்க்கைக்குச் சிறகுள்ள இலை என்று பொருள். 1823ஆம் ஆண்டில் அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்ட இம்மீனின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் படுகை. மெதுவாக ஓடும் நீரில், மூழ்கிக் கிடக்கும் வேர்களுக்கும் தண்டுகளுக்கும் இடையே இது வாழ்கிறது. நாம் அழகென்று வியக்கும் தட்டை உடல், அந்த இடுக்குகளில் நுழைந்து செல்வதற்கானது. நாம் அணிகலன் என்று கருதும் கரும்பட்டைகள், வேர் நிழலில் மறைந்து நிற்பதற்கானவை. மறைந்து நிற்பது எதற்காக? தன்னை விழுங்க வருவதிடமிருந்து தப்புவதற்காக. தான் விழுங்க வேண்டிய புழு, பூச்சி, சிறுமீன் ஆகியவற்றை நெருங்குவதற்காக. ஆக, தேவதை என்பது நாம் வைத்த பெயர். இரைதேடி என்பது இயற்கை வைத்த பெயர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏஞ்சல் மீன் சிக்லிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஏரி குளங்களில் வலைக்கு வலை சிக்கும் ஜிலேபி மீனும், கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடும் மீனும் இதே குடும்பத்தவைதாம். இடத்துக்காகச் சண்டையிடுவதும், முட்டையையும் குஞ்சையும் உயிரைக் கொடுத்துக் காப்பதும் இக்குடும்பத்தின் பொதுக்குணங்கள். ஜிலேபியின் முரட்டுத்தனத்தைக் குளத்தில் கண்டவர்கள், அதன் ஒன்றுவிட்ட உறவினர் கண்ணாடித் தொட்டிக்குள் சாதுவாக இருப்பார் என்று எப்படி எதிர்பார்க்கலாம்?

ஆற்றில் ஏஞ்சல் சிறுமீனைத் தின்பது குற்றமன்று, அது உணவு. அங்கே சிறுமீனுக்கும் தப்ப வழியுண்டு. தொட்டியிலோ தப்பும் வழியை அடைத்தவர்கள் நாம். நான்கு கண்ணாடிச் சுவர்களை எழுப்பி, இரையையும் இரைதேடியையும் ஒன்றாக அடைத்துவிட்டு, பிறகு இரைதேடியைப் பாவி என்று திட்டுவது நியாயமா? மீனுக்குக் கதவில்லை. ஆதலால், அதனோடு யார் வாழ வேண்டும் என்று முடிவு செய்பவன்தான் அதன் நன்மை தீமைகளுக்குப் பொறுப்பாளி. இதுவே என் கருத்து.

கேட்க வேண்டிய கேள்விகள்

தோழரைத் தேர்ந்தெடுக்கும் சிக்கல், கண்ணாடித் தொட்டி தோன்றிய நாளிலேயே தோன்றிவிட்டது. ராபர்ட் வாரிங்டன் என்னும் லண்டன் வேதியியலார் 1850ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், ஒரு கண்ணாடிக் கலத்தில் இரண்டு தங்க மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் சேர்த்து வைத்தார். மீனுக்கு வேண்டிய உயிர்வளியைத் தாவரம் தந்தது. ஆனால் தாவரத்தின் இலைகள் அழுகி நீரைக் கெடுக்கத் தொடங்கின. அப்போது அவர் அழுகலைத் தின்னும் நத்தைகளை உள்ளே விட்டார், நீர் தெளிந்தது. அந்த நத்தைகளை அவர் அழகுக்காகச் சேர்க்கவில்லை. தேவை அறிந்து சேர்த்தார். நாம் மறந்தது இந்த முறையைத்தான். ஏஞ்சலுக்குத் தோழர் தேடுவோர் ஐந்து கேள்விகளைக் கேட்டால் போதும்.

முதற் கேள்வி: வாய்க்குள் அடங்குமா? வளர்ந்த ஏஞ்சலின் உடல் 15 சென்டிமீட்டர் நீளம் வரை இருக்கும். நியான் டெட்ராவோ 3 அல்லது 4 சென்டிமீட்டர்தான். அதுவும் மெலிந்த உடல். ஏஞ்சலின் வாய்க்கு அது அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கிறது. கப்பி மீனின் கதையும் இதுவே. இரவில் நியான்கள் அசைவற்று உறங்க, விடியலில் ஏஞ்சல் பசியோடு விழிக்கும்போது நிகழ்வதைத்தான் அன்று நான் கண்டேன்.

இரண்டாவது கேள்வி: துடுப்பைக் கடிக்குமா? டைகர் பார்ப், செர்ப்பே டெட்ரா போன்றவை நீண்ட துடுப்பைக் கண்டால் சும்மா இருக்க மாட்டா. அவை ஏஞ்சலை விடச் சிறியவை; ஆனால் விரைவானவை. வேகமில்லாத ஏஞ்சல் திரும்புவதற்குள் ஒரு கடி கடித்துவிட்டுப் போய்விடும். பார்ப் மீன்களைப் பெருங்கூட்டமாக வைத்தால் அவை தமக்குள்ளேயே விளையாடிக்கொள்ளும் என்பர்; ஓரளவு உண்மைதான். ஆனால் அந்த நம்பிக்கையில் ஏஞ்சலின் துடுப்பைப் பணயம் வைக்க நான் இனித் தயாராக இல்லை.

மூன்றாவது கேள்வி: இருவருக்கும் ஒரே நீர், ஒரே வெப்பம் பொருந்துமா? ஏஞ்சலுக்கு 24 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றது. நம் ஊர் வெயிலுக்கு அது நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. தங்க மீன் குளிர்ந்த நீரை விரும்புவது, கழிவும் மிகுதி. பலர் இவ்விரண்டையும் ஒரே தொட்டியில் வைப்பதைக் காண்கிறோம். ஒன்றுக்கு இதமான நீர் மற்றொன்றுக்கு நோய்தரும் நீர் என்பதை அவர்கள் அறிவதில்லை. மிஸ் கேரளா என்று விற்கப்படும் மேற்குத் தொடர்ச்சி மலை மீன் நம் மண்ணின் மைந்தன்தான்; ஆனால் அது குளிர்ந்த, விரைந்தோடும் ஓடைகளில் துள்ளித் திரிவது. அசையா நீரை விரும்பும் ஏஞ்சலோடு அதற்கு ஒத்துவராது. இயற்கையில் அருகி வரும் இனமும் ஆதலால், அதனை ஓடையிலேயே விட்டுவைப்பது நலம்.

நான்காவது கேள்வி: தொட்டியின் எந்தத் தளத்தில் வாழும்? ஏஞ்சல் பெரும்பாலும் நடுநீரில் நிற்பது. அடித்தரையில் உலவும் மீனைச் சேர்த்தால் இருவருக்கும் இடப்பூசல் குறையும். ஒரே வீட்டில் மாடியில் ஒரு குடும்பமும் கீழே ஒரு குடும்பமும் குடியிருப்பது போல.

ஐந்தாவது கேள்வி: வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும்? இதனைத் தோழருக்கு மட்டுமன்றி ஏஞ்சலுக்கும் கேட்க வேண்டும். துடுப்புகளையும் சேர்த்தால் வளர்ந்த ஏஞ்சலின் உயரம் 20 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். என் தொட்டியின் உயரம் 1 அடி, அதாவது 30 சென்டிமீட்டர். அடியில் சரளைக்கு 5 சென்டிமீட்டர், மேலே காற்றிடைவெளிக்கு 3 சென்டிமீட்டர் போக மீதி 22 சென்டிமீட்டர். அதற்குள் ஏஞ்சல் நிமிர்ந்து நிற்கலாம், வாழ முடியாது. தோழரைத் தேடுவதற்கு முன் வீட்டை அளந்து பார்க்க வேண்டும் என்பதை நான் பிறகே உணர்ந்தேன்.

யார் ஏற்றவர்?

ஒன்றரை அடி உயரமும் மூன்றடி நீளமும் ஒன்றேகால் அடி அகலமும் கொண்ட தொட்டியில் ஏறத்தாழ 160 லிட்டர் நீர் கொள்ளும். அத்தகைய தொட்டியில் இரண்டு ஏஞ்சல்களோடு யார் யாரைச் சேர்க்கலாம் என்று நான் கற்றதைச் சொல்கிறேன்.

அடித்தரைக்குக் கோரிடோரஸ் என்னும் சிறு கெளுத்தி இனம் மிக ஏற்றது. சாதுவானது, முதுகிலும் பக்கங்களிலும் முள் உண்டு, ஏஞ்சல் அதனைத் தொந்தரவு செய்வதில்லை. ஆனால் கூட்டமாக வாழ்வது. ஒன்றை மட்டும் வாங்கி விடுவது அதற்கு இழைக்கும் கொடுமை. ஆறேனும் வேண்டும். இவ்வினத்தில் பல வகைகள் வெப்பம் தாங்கா. ஸ்டெர்பா என்னும் வகை நம் கோடைக்குத் தாக்குப்பிடிக்கக் கூடியது. நடுநீருக்கும் மேல்நீருக்கும் முத்துக் கௌராமி நல்ல தோழர். 10 சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதால் ஏஞ்சலின் வாய்க்குள் அடங்காது, குணத்திலும் அமைதியானது. கூட்டமாக ஓடும் சிறுமீன்தான் வேண்டும் என்போர், முழு வளர்ச்சி பெற்ற ரம்மிநோஸ் டெட்ராக்களைத் தேர்ந்தெடுக்கலாம். நியானைவிடப் பெரியவை, வெப்பத்தையும் தாங்குபவை. அப்போதும் ஒரு கண் அவற்றின் மேல் இருக்கட்டும்.

ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பி வாழும் ஊர்களில், உப்பும் கடினத்தன்மையும் மிகுந்த நீரே நமக்குக் கிடைக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தொட்டியில் பெருக்கப்பட்ட ஏஞ்சல்கள் இத்தகைய நீருக்கு ஓரளவு பழகிவிட்டன. சென்னைக் கொளத்தூர்ப் பகுதியில் வண்ணமீன் வளர்ப்பையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் பல உண்டு. நம் ஊர்க் கடைகளுக்கு வரும் ஏஞ்சல்களில் பல அமேசானைக் கண்டவையல்ல. அத்தகைய தொட்டிகளில் பிறந்தவைதாம். இந்த நீரில் மாலி, வாள்வால் ஆகிய மீன்கள் மகிழ்ச்சியாக வாழும். வளர்ந்த மாலியை ஏஞ்சல் விழுங்க இயலாது. அதன் குஞ்சுகளைத் தின்றுவிடும் என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

இனி, தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி நம் கையில் திணிக்கப்படும் சக்கர் மீன். கடையில் விரல் நீளம் இருக்கும் இது ஓர் அடிக்கு மேல் வளரும். இரவில் ஏஞ்சலின் அகன்ற உடலில் ஒட்டிக்கொண்டு அதன் மேலுள்ள வழவழப்பைச் சுரண்டுவதும் உண்டு. அது பெருத்த பிறகு பலர் செய்யும் காரியம் இன்னும் மோசமானது. அருகிலுள்ள ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இன்று இம்மீன் பெருகி, மீனவரின் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. ஜிலேபியை 1952இல் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். இன்று அது இல்லாத குளத்தைத் தேட வேண்டியிருக்கிறது. தொட்டிக்குப் பொருந்தாத மீனை ஏரிக்குத் தள்ளுவது, நம் பிழையை ஊர்த் தலையில் கட்டுவதாகும். சுத்தம் செய்ய ஆள் வேண்டுமென்றால், கைநீளமே வளரும் பிரிசில்நோஸ் என்னும் சிறிய வகை உண்டு. அதைவிடச் சிறந்த ஆள், வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றும் நம் கைகள்.

கடைசியாக, ஏஞ்சலுக்கு ஏஞ்சலே தோழராகுமா? இரண்டும் இணையாகிவிட்டால் நன்று. இரண்டும் ஆணாக இருந்தால் சிறு தொட்டியில் போர்தான். குஞ்சுப் பருவத்தில் ஆண் பெண் தெரியாது. இணையாகிவிட்டாலும், முட்டையிடும் காலத்தில் அவை அகன்ற இலையையோ கண்ணாடியையோ தேர்ந்தெடுத்துக்கொண்டு, அதுவரை நட்பாயிருந்த எல்லோரையும் விரட்டும். பெற்றோர் இருவருமே மாறி மாறிக் காவல் நிற்கும் அக்காட்சி காணத்தக்கது. அந்த நாட்களில் மற்ற மீன்களை விலக்கி வைக்க ஒரு சிறு தொட்டி கையிருப்பில் இருக்க வேண்டும். புதிதாக வாங்கும் மீனை இரு வாரங்கள் தனியே வைத்து, வெண்புள்ளி நோய் போன்றவை இல்லை என்று அறிந்த பின் சேர்ப்பதற்கும் அதே தொட்டி உதவும்.

மறுப்புகளுக்கு விடை

“சிறு வயதிலிருந்தே சேர்த்து வளர்த்தால் தின்னாது” என்று சிலர் அடித்துச் சொல்வர். வளர்ந்த டெட்ராக்களோடு குஞ்சு ஏஞ்சல்களை விட்டு, ஆண்டுக்கணக்கில் அமைதியாக வைத்திருப்பவர்கள் உண்டு. மறுப்பதற்கில்லை. ஆனால் அது பழக்கத்தால் வந்த அமைதி. ஒரு நாள் உணவு தவறினால் கலைந்துவிடும் அமைதி. “வயிறு நிறையப் போட்டால் தின்னாது” என்பாரும் உளர். மீனுக்கு அளவுக்கு மீறி உணவிட்டால், உண்ணாத மிச்சமும் கழிவும் அம்மோனியாவாகி நீரையே நஞ்சாக்கிவிடும். ஒரு கொலையைத் தடுக்க எல்லாவற்றையும் கொல்வதாக முடியும்.

“மீன்தானே! சந்தையில் வாங்கிக் குழம்பு வைப்பதில்லையா?” என்பது மூன்றாவது மறுப்பு. நானும் மீன் உண்பவன்தான். உண்பதற்கு வாங்கிய மீனிடம் நாம் எந்த உறுதியும் தரவில்லை. வளர்ப்பதற்கென்று வாங்கிய மீனுக்கு, வாங்கிய கணத்திலேயே ஓர் உறுதி தந்துவிட்டோம். நல்ல பராமரிப்பில் பத்தாண்டுகள் வரை வாழக்கூடியது ஏஞ்சல். நம் பட்டப்படிப்பைப் போல மூன்று மடங்கு காலம்! அத்தனை காலத்துக்கும் அண்டை அயலாரை நாம்தாம் முடிவு செய்கிறோம்.

“இவ்வளவும் பார்ப்பதென்றால் பணக்காரர்தாம் மீன் வளர்க்க முடியும்” என்பது நான்காவது மறுப்பு. உண்மை இதற்கு நேர்மாறானது. தவறான மீன்களை மூன்று முறை வாங்கிய செலவில் நான் முதலிலேயே சரியான தொட்டியை வாங்கியிருக்கலாம். கேள்வி கேட்பதற்குக் காசு வேண்டியதில்லை. நம் கல்லூரி நூலகத்தில் மீனியல் நூல்கள் இருக்கின்றன. நம் துறைகளில் சொல்லித்தரக் காத்திருக்கும் ஆசிரியர்கள் இருக்கின்றனர். நான் கடைக்குப் போகும் முன் அவர்களிடம் போயிருக்க வேண்டும்.

ஒரு வார்த்தை

இக்கட்டுரையைப் படித்துவிட்டு, “பார்த்தீர்களா, வேறுபட்டவை சேர்ந்து வாழ முடியாது என்று விலங்கியலே சொல்கிறது” என்று யாரேனும் மனிதருக்கும் இதைப் பொருத்திவிடக் கூடும். அப்படிப் பொருத்துவோர் நம் ஊரில் குறைவில்லை. நியானும் ஏஞ்சலும் வெவ்வேறு இனங்கள். மனிதர் அனைவரும் ஓரினம். விலங்கியல் பயில்பவன் என்ற முறையில் இதனை அழுத்திச் சொல்வது என் கடமை. நம் விடுதி அறைகளில் நான்கு ஊர்களிலிருந்து வந்த நான்கு பேர் ஒரே வாளியைப் பகிர்ந்து வாழ்கிறோம். பேச நாவும், சிந்திக்க அறிவும், கோபம் வந்தால் வெளியே சென்று திரும்பிவரக் கதவும் நமக்கு உண்டு. மீனுக்கு இவை எவையும் இல்லை. அதனால்தான் அதற்காக நாம் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

மாணவ நண்பர்களே! இந்த விடுமுறையில் மீன் வாங்கச் செல்வீர்களானால், நெகிழிப் பையை வாங்கக் கை நீட்டும் முன் கடைக்காரரிடம், “இது வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும்? எதைத் தின்னும்? எதனோடு சேரும்?” என்று கேளுங்கள். விடை தெரியவில்லையெனில் அன்று வெறுங்கையோடு திரும்புங்கள். அது தோல்வியன்று.

சென்ற ஆண்டு, படிப்பை முடித்துச் சென்ற அண்ணன் ஒருவரின் பழைய மூன்றடித் தொட்டி எனக்குக் குறைந்த விலையில் கிடைத்தது. டைகர் பார்ப்கள் பழைய தொட்டியிலேயே தமக்குள் துரத்திப் பிடித்து விளையாடுகின்றன. ஏஞ்சல்கள் புதிய தொட்டிக்குக் குடிபெயர்ந்தன. கிழிந்த துடுப்புகள் மெல்ல வளர்ந்துவிட்டன. அவற்றோடு ஆறு கோரிடோரஸ்களும் மூன்று முத்துக் கௌராமிகளும் இருக்கின்றன. சித்திரை வெயிலில் நீர் சூடேறாதிருக்க, தொட்டியின் மேல் ஒரு சிறு மின்விசிறியை வைக்கிறேன். என் தங்கை மீண்டும் காலையில் எண்ணத் தொடங்கியிருக்கிறாள். ஓராண்டாக எண்ணுகிறாள், ஒன்றுகூடக் குறையவில்லை.